கடலுக்கு ஒரு கோல்

இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராமலிருப்பதை நம் இலக்கிய நண்பர்கள் எவரும் பெரிய குற்றமாகக் கருதுவதில்லை. என் அலமாரியிலேயே அப்படித் தங்கிவிட்டவை பதினைந்துக்குக் குறையாமல் இருக்கும். அவற்றின் உரிமையாளர்களை நேரில் சந்திக்கும்போது நான் சற்றும் கூசியதில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவல் வாங்கிய தூண்டிற்கோலொன்றை இரண்டு துண்டுகளாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பக்கத்து வீட்டு விளக்கு அணையும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் வசிப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், மிடில்ஸ்பரோ நகரத்தில். பக்கத்து வீட்டுப் பெரியவர் உருக்காலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பகுதியின் பேர்பெற்ற ரெட்கார் உலை 2015இல் அணைந்தது. அதற்கு முன்பே வெளியேறிவிட்டதைத் தம் வாழ்நாள் அதிர்ஷ்டங்களில் ஒன்றாகச் சொல்லிக்கொள்வார். பேச்சுக்குப் பேச்சு என்னை 'சன்' என்று அழைப்பார். மகனே என்பதுதான் அகராதிப் பொருள். என் காதில் அது எப்போதும் 'தம்பி' என்றே விழும். அவரும் அவரோடு வேலைபார்த்த நால்வரும் ஒரு காலத்தில் மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் விட்பிக்குச் சென்று, அங்கிருந்து வாடகைப் படகில் வடகடலுக்குள் போவார்கள். (டிராகுலா கப்பலேறி வந்து இறங்கிய அதே விட்பிதான். அந்த நாவல் வெளிவந்தது 1897இல். இன்றுவரை அந்த ஊர் அவன் பெயரில் சட்டை விற்கிறது.) நால்வரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கு மணிக்கட்டு மூட்டுகள் வீங்கத் தொடங்கின. கோல் கார்க் கொட்டகைச் சுவரில் இரண்டு ஆணிகளின்மேல் ஆறு வருடம் கிடந்தது. நான் கடலுக்குப் போகப்போவதாகச் சொன்ன அன்று, ஒரு வார்த்தையும் பேசாமல் இறக்கி, துடைத்து, என் கையில் கொடுத்தார்.

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். கடல் அல்ல, வாய்க்கால். மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு மிதவை, மண்புழு. இவற்றை வைத்துக்கொண்டு கெளுத்தியும் குரவையும் பிடித்தவன் என்ற தைரியத்தில்தான் படகேறினேன். அந்தத் தைரியம் எவ்வளவு பொருத்தமற்றது என்பது ஐம்பது மீட்டர் ஆழத்தில், முதலாம் உலகப்போரில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு சரக்குக் கப்பலின் சிதைவுகளுக்கு மேலே தெரியவந்தது. கையளவுக்கு மேல் ஏதோ கடித்தது. சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தேன். லிங் என்ற நீண்ட விலாங்குச் சாயல் மீன். நான்கு கிலோ இருக்கும் என்று படகோட்டி பிறகு சொன்னார். நீர்மட்டத்தில் அதன் வெளிறிய வயிற்றைக் கண்டதும் உற்சாகத்தில் கோலைத் தலைக்குமேல் செங்குத்தாக உயர்த்தினேன். மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. "கோலைத் தாழ்த்து!" என்று படகோட்டி கத்தியதும், காய்ந்த கரும்பு ஒடிவதுபோன்ற சத்தமும் ஒரே நேரத்தில் கேட்டன.

ஒன்பது நாட்கள் அந்தத் துண்டுகளைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியது அதற்கு அடுத்த செயலை. அதே கோலை, அதே வயதில், அதே நிறத்தில் இணைய ஏலத்தில் தேடிப்பிடித்து, உடைந்ததன் இடத்தில் ஓசைப்படாமல் ஆணியின்மேல் வைத்துவிடுவது என்று திட்டமிட்டேன். கிடைக்கவும் செய்தது. 45 பவுண்டு. உறையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, என் திட்டத்தின் பைத்தியக்காரத்தனம். பெரியவருடைய கோலின் கைப்பிடியில் அவருடைய வலதுகைப் பெருவிரல் முப்பது வருடமாக அழுந்திய குழி இருந்தது. ஏலத்தில் வந்த கோலின் பிடியில் வேறு யாருடைய விரல்களோ பதிந்திருந்தன.

அன்று மாலையே இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு மேசைமேல் வைத்தேன். அவர் உடைந்த வாயைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கேட்டார்:

"மீன்?"

"போய்விட்டது."

"அதுதான் வருத்தம்" என்றார்.

புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வற்புறுத்தினேன். நெடுநேரம் கழித்து, கையை விரித்து மூடி விரித்தபடி, "வாங்குவதாயிருந்தால் நான் தூக்கக்கூடியதாக ஒன்று வாங்கு" என்றார். கோலை என் கையில் கொடுத்த அன்று அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை இனி அவரால் தூக்க முடியாது.

அப்படித்தான் ஒரு படகுக்கோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற படிப்பில் நான் சேர்ந்தேன். குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டு அடுப்பங்கரையில் பாடம் நடந்தது. கையிருப்பு 80 பவுண்டு. அதற்குமேல் ஒரு காசு செலவழித்தாலும் தம் வீட்டுக்குள் கோலை அனுமதிப்பதில்லை என்று அவர் முதல் நாளே அறிவித்துவிட்டார்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் கோலின் விலையும் பவுண்டு, வலுவும் பவுண்டு. ஆகவே எடைக்கு, நம் தாத்தாக்கள் சொன்ன ராத்தல் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். படகுக்கோல்களின்மேல் 12, 20, 30, 50 என்று எண்கள் பொறித்திருக்கும். அது அந்தக் கோல் தூக்கக்கூடிய மீனின் எடை என்றுதான் நான் நம்பியிருந்தேன். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். அது மீனின் எடை அல்ல. எத்தனை ராத்தல் இழுப்பில் அறுந்துபோகும் நரம்போடு அந்தக் கோல் வேலைசெய்ய வேண்டும் என்பதற்கான அளவு. 30 ராத்தல் கோல் என்றால், 30 ராத்தலில், அதாவது சுமார் பதின்மூன்றரை கிலோவில் அறும் நரம்பைப் பூட்டு என்று பொருள். ரீலில் 'டிராக்' என்றொரு தடை இருக்கிறது. அதை அந்த வலுவில் மூன்றிலொரு பங்குக்கோ கால் பங்குக்கோ திருகி வைத்தால், அதற்குமேல் மீன் இழுக்கும்போது நரம்பு தானாக வழுகிக் கொடுக்கும். நான் என்ன செய்திருந்தேன்? 30 ராத்தல் கோலில் 50 ராத்தல் பின்னல் நரம்பைச் சுற்றி, தடையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியிருந்தேன். அறுவதற்கு நரம்பும் இல்லை, வழுகுவதற்குத் தடையும் இல்லை. மிச்சமிருந்த ஒரே பலவீனமான பொருள் கோல்தான்.

பின்னல் நரம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனெனில் கடந்த முப்பதாண்டுகளில் தூண்டிற்கோலின் குணத்தையே மாற்றியது அதுதான். ஒற்றை இழை நைலான் நீளும். ரப்பர் போல இல்லாவிட்டாலும், ஐம்பது மீட்டர் கீழே விட்டால் பல மீட்டர் நீண்டு மீனின் திடீர்ப் பாய்ச்சலைத் தானே வாங்கிக்கொள்ளும். பாலித்தீன் வகை இழைகளைப் பின்னிச் செய்யப்படும் புதிய நரம்பு அநேகமாக நீளுவதே இல்லை. அதே வலுவுக்கு நைலானைவிட மிக மெல்லியது. நீரோட்டம் அதைக் குறைவாகவே தள்ளும், ஆகவே ஈயக்குண்டும் சிறிதாகப் போதும், ரீலும் சிறிதாகப் போதும். ஆனால் நரம்பு கொடுக்காத நெகிழ்ச்சியை இனி கோல்தான் கொடுத்தாக வேண்டும். பெரியவருடைய கோல் நைலான் காலத்தில் வாங்கிய விறைப்பான கோல். நரம்பு வளையும், நான் வளைய வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில் வார்க்கப்பட்டது. பின்னல் நரம்புக்கு வேண்டியது, நுனி மென்மையாகவும் நடு உறுதியாகவும் உள்ள கோல். பழைய கோல்களை மலிவாக வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மறக்கக்கூடாது.

கோல் வளைந்து நிமிர்வதை இவர்கள் 'ஆக்ஷன்' என்கிறார்கள். ஒரு மாலை இதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் குறுந்தொகை ஞாபகம் வந்தது. 54ஆம் பாடல். காட்டு யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிட்டதும், அது மீன் மாட்டிய தூண்டிற்கோலைப் போல விருட்டென்று மேலே எழுகிறது. பாடியவரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அந்த உவமையே பெயராகி மீனெறி தூண்டிலார் ஆகிவிட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெரியவருக்கு இதைச் சொன்னேன். யானைக்குப் பிறகுதான் அவர் காதைத் தீட்டினார். சற்று யோசித்துவிட்டு, "மூங்கில் நல்ல சரக்கு, ஆனால் பச்சையாக இருக்கக்கூடாது, காயவைக்க வேண்டும்" என்றார். ஆயிரத்தெண்ணூறு வருடத்துக் கவிதைக்கு இப்படியோர் உரையை எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை.

மூங்கிலின் இடத்துக்குக் கண்ணாடி இழை வந்தது, அதன்பிறகு கார்பன். உறுதியான கார்பன் இழை செய்யும் முறையை 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வுநிலையத்தில் கண்டுபிடித்தார்கள். விமானத்துக்காகச் செய்தது தூண்டிலுக்கும் வந்து சேர்ந்தது. கார்பன் எடை குறைவு, விறைப்பு அதிகம், நுனியில் நடப்பதைக் கைக்குத் துல்லியமாகச் சொல்லும். கண்ணாடி இழை கனம், மந்தம், ஆனால் அடி தாங்கும். படகு என்பது பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடம். அரைக்கிலோ ஈயக்குண்டு ஊசலாடிக் கார்பன் கோலில் ஒரு முறை மோதினால், வெளியே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் ஒடியும். ஆகவே இரண்டையும் கலந்து செய்த கோல்கள்தான் படகுக்கும் சட்டைப்பைக்கும் ஒத்துவருபவை. விலை கூடக்கூடக் கார்பனின் விழுக்காடு கூடும். அதைப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். படகைப் பொறுத்தவரை அந்தப் பெருமைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண் என்பது பெரியவரின் கட்சி. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

நீளத்தைப் பற்றிய பாடம்தான் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது. நீளமான கோல் நமக்கு உதவும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது மீனுக்கு உதவுகிறது. கோலின் அடி இடுப்பில். முன்கை இரண்டடி தள்ளி. மீன் ஏழடி தள்ளி. நெம்புகோல் கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறுக்கே இழுக்கும் மீனின் இரண்டு கிலோ நம் கைக்கு ஏழு கிலோவாக வந்து சேரும். கோல் வளையும்போது அந்த ஏழடி குறைகிறது, சுமையும் குறைகிறது. வளையாத கோல் முழு நெம்புகோலையும் மீனிடம் ஒப்படைத்துவிடுகிறது. கரையிலிருந்து வீசுகிறவர்களுக்குப் பன்னிரண்டடி வேண்டும், தூரம் போகவேண்டுமே. எஸெக்ஸ் பக்கம் ஆழம் குறைந்த கடலில் நங்கூரமிட்ட படகிலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசிப் பிடிக்கும் முறை 1970களில் உருவானது. அதற்கு ஒன்பது, பத்தடி. நேர்கீழே இறக்குகிறவனுக்கு ஆறிலிருந்து ஏழரை அடிக்குள் போதும். வீங்கிய மணிக்கட்டுக்காரருக்கு? ஆறரை.

2024 ஏப்ரலில் ஒரு நாள் இருவரும் கடைக்குப் போனோம். கடை நடத்தும் அம்மாள் அவரைப் பல வருடத்துக்குப் பிறகு கண்டதில் மகிழ்ந்து, உடனே மிக விலையுயர்ந்த வரிசையிடம் அழைத்துச்சென்றார். பெரியவர் அதைத் தாண்டி நடந்து, நடுவாந்தர வரிசையின் முன் நின்று, தம் சட்டைப்பையிலிருந்து எடுத்தது ஒரு துண்டுப் பஞ்சு. ஒவ்வொரு கோலாக எடுத்து, நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை நுழைத்துச் சுற்றினார். வளையத்தின் உட்பூச்சுப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு இழை அதில் சிக்கும்; பஞ்சு சிக்குகிற இடத்தில் பின்னல் நரம்பு ஒரே நாளில் நைந்துபோகும். (என்னுடைய 45 பவுண்டு ஏலக் கோலில் இரண்டு வளையங்கள் பஞ்சைப் பிடித்துக்கொண்டன. வாங்கியபின் கற்ற பாடம்.) உருளை வைத்த வளையங்கள் வேண்டுமா என்று கடைக்காரம்மாள் கேட்டார். சுறாவுக்குப் போகிறவர்களுக்கு அவை வேண்டும். எங்களுக்கு எடை மட்டுமே மிச்சம்.

அடுத்து, கோலின் நுனியை என் கையில் கொடுத்து, தாம் அடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வளைத்தார். வளைந்த நிலையில் வளையத்துக்கு வளையம் நேர்க்கோடு இழுத்தால் அது கோலின் உடலில் உரசுமா என்று பார்த்தார். வளையங்கள் குறைவாக வைத்து மிச்சம்பிடித்த கோல்களில் உரசும். ரீலை இருத்தும் பிடியை நகத்தால் தட்டினார். பிளாஸ்டிக் என்றால் ஒரு சத்தம், உலோகம் என்றால் ஒரு சத்தம். திருகாணி உப்பில் இறுகிப்போகாதா என்று சுழற்றினார். கோலும் ரீலும் நரம்பும் சேர்த்து 30 பவுண்டு என்று வாசலில் அடுக்கியிருந்த கட்டுகளைப் பற்றி நான் கேட்டதற்கு, அவற்றை ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுப்பதாக நினைத்துக்கொள் என்றார். ஓர் அநியாயமும் இல்லாத தீர்ப்பு.

கடைசியில் நான்கு கோல்கள் மிஞ்சின. இப்போது அவர் ஒன்றையும் சோதிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூன்றாவதில் விரல்கள் முழுதாக மூடவில்லை என்பதையும், அவர் அதை மறைக்க முயன்றதையும் கடைக்காரம்மாளும் நானும் கண்டு, இருவருமே வேறுபக்கம் பார்த்தோம். நான்காவதின் முன்பிடி தடித்த நுரை ரப்பர். விரல் மடங்காத கைக்குத் தடித்த பிடிதான் சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மெல்லிய பிடிதான் சுலபம் என்று எண்ணியிருந்தேன். ஆறரை அடி, 12 முதல் 20 ராத்தல். விலை 65 பவுண்டு. நிறம் மட்டும் பளீரென்ற மஞ்சள், "வாழைப்பழத்தோடு கடலுக்குப் போகச் சொல்கிறாயா?" என்று முனகினார். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் படாது என்பது இங்குள்ள தூண்டில்காரர்களின் நம்பிக்கை. மிச்சமிருந்த 15 பவுண்டில், கோலின் அடி அடிவயிற்றில் குத்தாமலிருக்க இடுப்பில் கட்டும் ஒரு தாங்கி வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் நிறுத்தோம். பழைய கோலின் துண்டுகளும் அதன் ரீலும் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். புதியது, என்னிடமிருந்த சிறிய ரீலையும் சேர்த்து, எழுநூறு கிராம். அந்த எண்ணை அவர் இரண்டு முறை படித்தார்.

ஜூலையில் போனோம். நாள் குறித்தவர் படகோட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் கடுமையாக இருக்கும், குண்டு கீழே நிற்காது. அரைநிலா நாட்களில்தான் தளரும். நாட்காட்டியைப் பார்த்தால் சரியாக அட்டமிக்கு மறுநாள். அட்டமி, நவமியில் திண்ணையைவிட்டு இறங்க விடாத என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். கப்பல் சிதைவுக்குப் போகவில்லை. கரையிலிருந்து தூரமில்லாத, இருபது மீட்டர் ஆழமுள்ள கரட்டுத்தரையே அவருக்குப் போதும் என்று முன்பே பேசிவைத்திருந்தேன். நானே இரை கோத்துக் கொடுத்தேன். அதை அவர் கண்டுகொள்ளாததுபோல் விட்பியின் மடாலய இடிபாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரத்தில் அவருடைய மஞ்சள் நுனி இருமுறை தலையாட்டிவிட்டு ஒரேயடியாகக் குனிந்தது. நான் எழுந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன். கோல் நுனியிலிருந்து நடுவரை வளைந்து, இளகி, மறுபடி வளைந்தது. அவர் அவசரப்படவில்லை, கோலைத் தோளுக்குமேல் உயர்த்தவே இல்லை. மேலே வந்தது ஒரு காட் மீன். படகோட்டி அளவுகோலில் வைத்தார்: 33 சென்டிமீட்டர். சட்டப்படி 35 வேண்டும். ஈரக்கையால் அதைப் பிடித்து நீருக்குள் விட்டார்.

பிறகு கோலை என்னிடம் நீட்டி, "பிடி, கை கொஞ்சம் ஆறட்டும்" என்றார். பிடியில் சூடு இருந்தது. டிராக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, குண்டை இறக்கினேன். உடைந்த கோலின் மேல்துண்டில் இப்போது அவர் வீட்டுத் தோட்டத்து அவரைக்கொடி ஏறுகிறது என்று அப்போதுதான் சொன்னார். வளையங்கள் இருப்பதால் கயிறு கட்டவேண்டிய வேலை இல்லையாம்.